அம்பத்தூர்க் கண்கள்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வருவதாக இருந்ததால், முன்னறையில் பல வருஷங்களாக யாரும் திறவாமல் நின்றிருந்த இரும்பு பீரோவைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் அந்த முன்னறைதான் என் கண் வைத்தியசாலை. பீரோவின் மேல்தட்டுகளில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன காலண்டர்களும், கெடு தாண்டிய சொட்டு மருந்துக் குப்பிகளும், கட்டுக்கட்டாக நோயாளிகளின் சீட்டுகளும் இருந்தன. அடித்தட்டில், துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றில், பழைய மூக்குக் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையாதலால் எனக்கு ஒத்தாசை செய்ய வந்திருந்த பேத்தி அவற்றுள் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, “ஐயே தாத்தா, உன் மூக்கு எவ்ளோ பெரிசா இருக்கு!” என்று கைகொட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போகத் திரும்பியவள், இரண்டு அங்குல உயரமே உள்ள வாசற்படியைத் தாண்டுவதற்கு முழங்கால் உயரம் காலைத் தூக்கினாள்.

அப்படிக் காலைத் தூக்கி வைத்தவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். கண்புரையை எடுக்கும்போது விழிக்குள் இருக்கும் வில்லையை உறையோடு முழுவதாக வெளியே எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக உள்ளே எதையும் வைக்காமல், மூக்கின்மேல் ‘பிளஸ் பத்து’ எண்ணுள்ள தடித்த கண்ணாடியைப் பூட்டி அனுப்பிய காலத்தில்தான் நான் தொழில் கற்றேன். ஜனங்கள் அதைச் சோடாப்புட்டிக் கண்ணாடி என்பார்கள். அதன் வழியே பார்ப்பவருக்கு எந்த வஸ்துவும் அதன் சொந்த அளவைவிடக் கால்பங்கு பெரிதாகவும், அதனாலேயே கிட்டத்தில் வந்துவிட்டதாகவும் தோன்றும்; கண்ணாடியின் விளிம்பை ஒட்டி ஒரு வளையத்துக்கு ஒன்றுமே தெரியாதாகையால், அந்த வளையத்தில் மறைந்திருந்த மாடோ மனிதரோ திடீரென்று நேர் எதிரே வந்து நிற்பார்கள். ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பாடு இன்னும் சங்கடமானது. ஒரு கண் காட்டுகிற பெரிய உலகத்தையும் மறு கண் காட்டுகிற சிறிய உலகத்தையும் மூளையால் ஒன்று சேர்க்க முடியாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில் போகும். கண்ணாடி உடைந்துவிட்டாலோ, பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்தாலோ, சிகிச்சைக்கு முன்னிருந்த நிலைமைதான். இத்தனை இருந்தும், குருடாக இருந்தவருக்குப் பேரன் முகம் தெரிந்ததே என்று அந்தக் கண்ணாடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களே மிகுதி.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் நான் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது, அதன் வயது நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. 1819-இல் ராயப்பேட்டையில் தொடங்கி, 1884-இல் எழும்பூருக்கு வந்த ஸ்தாபனம் அது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி உலகத்திலேயே பழமையானது என்று எங்கள் ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லி, நாங்கள் எந்தத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதை உணர்த்திவிடுவார்கள். 1945-இல் இந்தியாவின் முதல் கண் வங்கி அங்கேதான் ஏற்பட்டது; 1948-இல் டாக்டர் முத்தையா கருவிழி மாற்று சிகிச்சையை அங்கே செய்து காட்டினார். ஆனால் மாணவர்களாகிய எங்கள் வாயில் அதிகம் அடிபட்ட பெயர் எலியட் துரையினுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணழுத்த நோய்க்கு விழியின் வெள்ளைப் பகுதியும் கருவிழியும் கூடுகிற ஓரத்தில் வட்டவாய் உளியொன்றினால் சின்னஞ்சிறு துவாரம் போட்டு, உள்ளே தேங்கும் நீருக்கு வடிகால் ஏற்படுத்தும் முறையை 1909-இல் வெளியிட்டார். சென்னையிலிருந்து கிளம்பிய அந்த முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைக்கொள்ளப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

எலியட்டின் பெயரால் அங்கே ஒரு காட்சிசாலை உண்டு. நாட்டு வைத்தியர்கள் ஊசியினால் புரையை விழிக்குள்ளேயே பின்னுக்குத் தள்ளிவிடும் பழைய வழக்கத்தை ஆராய்வதற்காக, அவ்விதம் கெட்டுப்போன கண்களை அவர் சேகரித்துச் சோதித்து, ஒரு நூலே எழுதினார். மனுஷர் விநோதப் பிரியரும்கூட. சீமைக்குத் திரும்பிய பிற்பாடு மாயாஜாலக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்து, ஆகாயத்தில் கயிற்றை நிறுத்தி அதில் பையனை ஏற்றும் இந்திய வித்தையை நேரில் செய்து காட்டுவோருக்கு ஐந்நூறு கினி பரிசு என்று 1934-இல் அறிவிக்கச் செய்தார். பரிசை வாங்கிக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை. கண்ணால் கண்டால் ஒழிய நம்பமாட்டேன் என்கிற பிடிவாதம் கண் வைத்தியருக்கு இருக்கவேண்டிய குணந்தானே என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார்.

அந்நாளில் புரை எடுத்தவர்கள் படுக்கையில் கிடந்த கிடையை இன்றைய இளம் வைத்தியர்களிடம் சொன்னால் நம்புவது அரிது. தலையின் இருபுறமும் மணல்மூட்டை வைத்து, இரண்டு கண்களையும் கட்டி, புரளாதே, இருமாதே, பலமாகச் சிரிக்காதே என்று கட்டளையிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்திருப்போம். தலையணைக்கு அருகில் மகளோ மருமகளோ உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவாள். கட்டு அவிழ்க்கும் காலை வார்டு முழுவதும் ஒரு பரபரப்பு நிலவும். வைத்தியர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பதற்குள், கிழவர், “அதை அப்புறம் சொல்றேன், எம்பொண்ணு எங்கே?” என்பார்.

படிப்பு முடிந்து, வெங்கடாபுரத்தில் என் தகப்பனார் கட்டிய வீட்டின் முன்னறையில் நான் பலகை மாட்டியபோது, அம்பத்தூர் பாதி கிராமமும் பாதி தொழிற்சாலையுமாக இருந்தது. ஏரி நிறைந்தால் தவளைச் சத்தம் இரவெல்லாம் கேட்கும். விடிந்தால் ஆலைச் சங்குகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஊதும். 1964-இல் உண்டான தொழிற்பேட்டையில் பட்டறைகள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தன, டி.ஐ. சைக்கிளும் டன்லப்பும் பாடிப் பக்கத்து ஆலைகளும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன; ஆவடியில் 1961-இல் ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் வெளிவரலாயின. ஷிப்டு மாறும் வேளையில் திருவள்ளூர் நெடுஞ்சாலையின் அகலம் முழுவதும் சைக்கிள்கள்தான்.

என் அறை சிறியது. ஸ்நெல்லன் என்ற டச்சு வைத்தியர் 1862-இல் வகுத்தபடி எழுத்துப் பலகையை ஆறு மீட்டர் தூரத்தில் மாட்டவேண்டும். எனக்கிருந்ததோ அதில் பாதி. ஆகவே எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியைப் பதித்து, நோயாளியின் தலைக்குமேல் தமிழ் எழுத்துக்களை இடவல மாற்றமாக அச்சிட்ட பலகையைத் தொங்கவிட்டேன். திரும்பிப் பார்த்து, “சார், உங்க போர்டுல எழுத்தெல்லாம் தப்பா எழுதியிருக்கு” என்று எனக்கு எடுத்துச் சொன்னவர்கள் பலர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மூன்று கைகளுள்ள ஓர் உருவம் பல திசைகளில் திரும்பி நிற்கும் பலகை வேறு. கை எந்தப் பக்கம் என்று விரலை நீட்டிக் காட்டினால் போதும்.

முதன்முதலாக என் படி ஏறியவர்களில் பெரும்பாலோர் இரும்புத்தூள் பட்ட தொழிலாளர்கள். ஒவ்வொரு பட்டறையிலும் தூசி எடுப்பதில் கைதேர்ந்தவர் என்று ஒருவர் இருப்பார். கைக்குட்டையின் நுனியைத் திரித்தோ தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றியோ அவர் முயன்று பார்த்துக் கைவிட்ட பிறகுதான் ஆள் என்னிடம் வருவான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னமெல்லாம் நீர் வழிய, சகதொழிலாளியின் தோளைப் பிடித்தபடி வருவான். மரத்துப்போகும் சொட்டு இரண்டு விட்டதும், அரை நிமிஷத்தில், அதுவரை திறக்க மறுத்த இமை தானாகத் திறக்கும். கருவிழியின்மேல், ஊசிமுனையிலும் சிறியதாக, கரும்புள்ளி ஒன்று பதிந்திருக்கும். ஒரு நாள் தாமதித்திருந்தால் அதைச் சுற்றித் துரு ஒரு பழுப்பு வளையமாக ஊறியிருக்கும். துகளை எடுப்பதோடு நில்லாமல் அந்த வளையத்தையும் சுரண்டி எடுத்தால்தான் புண் ஆறும். “மேலே அந்தக் காலண்டர்ல இருக்கிற முருகனையே பாரு, அசையாதே” என்று சொல்லிவிட்டு, ஊசியைப் பக்கவாட்டில் கொண்டுபோய், துகளின் அடியில் கொடுத்து நெம்புவேன். கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டர்தான். துகள் ஊசிநுனியில் ஏறி வந்ததும் அதை வெள்ளைப் பஞ்சில் துடைத்து அவனிடம் காட்டவேண்டும். “இத்தினிக்கூண்டா சார்? உலக்கையே உள்ள இருக்குற மாதிரி இருந்துச்சே!” என்று அவன் ஆச்சரியப்படாத நாள் கிடையாது.

இந்த ஊரில் தொழில் நடத்துகிறவன், கண்ணில் என்ன தொந்தரவு என்று கேட்பதற்கு முன்னால், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவேண்டும் என்பதை நான் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். காரணம், எமரிச் சக்கரத்தில் பறக்கும் தூள் கருவிழியின் மேலே தங்கும். உளியைச் சுத்தியால் அடிக்கும்போது தெறிக்கும் சில்லோ அதே கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். போன வழி தானே மூடிக்கொள்வதால் சிவப்பும் இராது, வலியும் அதிகம் இராது, பார்வைகூட முதலில் நன்றாகவே இருக்கும். சில மாதங்கள் கழித்து, உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து, கண்மணியைச் சுற்றியுள்ள திரையின் நிறத்தையே மாற்றி, விழித்திரையைக் கெடுத்துவிடும். ஆகையால், “சுத்தி வேலையா, எமரி வேலையா?” என்ற என் ஒரு கேள்விக்கு, “சுத்தி” என்று பதில் வந்தால், கண் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், எக்ஸ்ரே எடுக்காமல் அவனை வீட்டுக்கு அனுப்பமாட்டேன். படத்தில் புள்ளி தெரிந்தால் எழும்பூருக்குச் சீட்டு எழுதுவேன். அங்கே மின்காந்தத்தைக் கொண்டு அந்தச் சில்லை வெளியே இழுத்து எடுப்பார்கள். பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவில்லையா என்று கேட்டால், ஒரு சிறு பட்டறையின் முதலாளி கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கென்று பூட்டி வைத்திருந்த கதையைச் சொல்வார்கள்.

வெல்டிங் வேலைக்காரர்களுடைய வேளை நள்ளிரவு. வெல்டிங் ஜுவாலையின் புற ஊதாக் கதிர் பட்டவுடன் கண் ஒன்றும் செய்யாது. ஆறேழு மணி நேரம் சென்ற பின், வீட்டில் படுத்துத் தூங்கும்போதுதான், மணலை அள்ளிக் கொட்டியதுபோல் வலி எழுப்பும். கதவு தட்டப்படும், திண்ணையில் மூன்று பேர் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் வீட்டுப் பெண்கள் தாய்ப்பால் பீய்ச்சியிருப்பார்கள், உருளைக்கிழங்கு வில்லை வைத்திருப்பார்கள், நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி ஒற்றியிருப்பார்கள். மரக்கும் சொட்டு விட்டதும் நோவு மாயமாக அடங்குவதைக் கண்டு, “அந்தப் பாட்டிலக் குடுத்துடுங்க சார், இன்னா காசு ஆனாலும் பரவாயில்ல” என்று கெஞ்சுவார்கள். அந்த மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழிப் புண் ஆறாது, கண்ணே பாழாகும் என்பதால், கைகூப்பிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. களிம்பு தடவிக் கட்டுப்போட்டு, மறுநாள் வரையில் பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பும் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

வேலையைக் கேட்கும் வழக்கத்தால் எனக்கே பாடம் கிடைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. பூவிருந்தவல்லியிலிருந்து பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி, நாற்பதைக் கடந்தவள், கிட்டப்பார்வை மங்கிவிட்டது என்று வந்தாள். மடியில் வைத்துப் பூத்தொடுக்கும் தூரத்தை உத்தேசித்து, அதற்கேற்ற எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவள் குறுக்கிட்டு, “பூ கட்டறதுக்குக் கண்ணு எதுக்கு சார்? அது கை பாட்டுக்குக் கட்டும். சாயங்கால நேரத்துல ஒரு ரூபா எது, எட்டணா எதுன்னு தெரியாம நாலு பேரு ஏமாத்திட்டுப் போறாங்க, அதுக்குத்தான் கண்ணாடி” என்றாள். நீட்டிய உள்ளங்கையில் நாணயம் இருக்கும் தூரம் வேறு, மடியின் தூரம் வேறு. அதற்குத் தக்கபடி எண்ணை மாற்றிக் கொடுத்தேன்.

ரயில்வேயில் எஞ்சின் உத்தியோகத்துக்கு மனுப்போட்டிருந்த திருமுல்லைவாயில் இளைஞன் ஒருவனையும் என்னால் மறக்க முடியாது. நிறப்பார்வையைச் சோதிப்பதற்கு ஜப்பானியரான இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப் படங்களையே இன்றளவும் பிரயோகிக்கிறோம். அவன் பக்கத்துக்குப் பக்கம் தடங்கலின்றி எண்களைச் சொல்லிக்கொண்டே போனான். வேகம் எனக்கே சந்தேகத்தைத் தரவே, புத்தகத்தை நடுவில் திறந்து காட்டினேன். அந்தப் படத்தில் இல்லாத ஓர் எண்ணை அழுத்தம் திருத்தமாகச் சொன்னான். முன்னால் போய்வந்த நண்பனிடம் கேட்டு வரிசையாக மனப்பாடம் செய்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது. “சிக்னல்ல எந்த எடத்துல எரிஞ்சா செவப்பு, எந்த எடத்துல எரிஞ்சா பச்சை, அது எனக்குத் தெரியும் சார்” என்று வாதாடினான். தாய்மாமன் ஒருவருக்கும் இதே குறை உண்டென்று விசாரித்ததில் வெளிவந்தது. தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்கும் இந்தக் குறைக்கு மருந்தில்லை. பாங்கி உத்தியோகத்துக்குப் படி என்றேன். படித்துத் தேறி, முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தான். பச்சை நிறம் என்று சொல்லிக் கொடுத்தான், அது பழுப்பு நிறம்.

குழந்தைகளின் நோய்கள் இந்த ஐம்பது ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டன. தொடக்க காலத்தில், திருமழிசைக்கு அப்பால் செங்கற் சூளைகளில் வேலை செய்பவர்கள், விளக்கு வைத்ததும் தட்டுத் தடுமாறி நடக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாலைக்கண் அது. வெள்ளை விழியில் நுரை படிந்தாற்போல் ஒரு முக்கோணத் திட்டு இருக்கும். அதைக் கண்டும் சும்மா இருந்தால் அம்மை வார்த்தோ பேதியாகியோ ஒரே வாரத்தில் கருவிழி கரைந்துவிடும். மத்திய சர்க்கார் 1970 முதல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவத்தை ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கச் செய்தார்கள்; 1982-இல் சத்துணவும் வந்தது. முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் போடுங்கள் என்று நானும் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிலை விடுவதற்குப் பல வருஷங்கள் முன்னரே மாலைக்கண் பிள்ளையைக் காண்பது அபூர்வமாகிவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது தூரப்பார்வை தெரியாத பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வெயிலில் விளையாடாமல், கையகலத் திரையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வளர்வதால், பத்து வயதுக்குள் மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு என்று எண் ஏறுகிறது. தினம் இரண்டு மணி நேரம் வெளியே ஓடவிடுங்கள் என்பதுதான் அவர்களுக்கு முதல் மருந்து.

எங்கள் சாஸ்திரத்தால் ஆகாத கண்களும் உண்டு. பிறவியிலேயே பார்வை நரம்பு கெட்டுப்போன குழந்தையின் தகப்பனிடம் அதைச் சொல்வதைக் காட்டிலும் கடினமான காரியம் இந்தத் தொழிலில் வேறில்லை. நல்லவேளையாக, அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் வட்டாரத்திலேயே பதில் இருந்தது. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசாங்கப் பள்ளிக்கூடம் உண்டு. பிற்காலத்தில் அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் பிராந்திய மையமும் அங்கே ஏற்பட்டது. இன்னும் நான்கு டாக்டர்களிடம் காட்டிப் பணத்தைத் தொலைக்காதே, காலம் தாழ்த்தாமல் பிரெயில் கற்கச் சேர்த்துவிடு என்று சொல்வேன். அவ்வாறு சேர்ந்தவர்களில் ஒருத்தி ஆசிரியையாகி, தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

சுற்றிலும் கண்ணுக்குப் பெயர்போன ஸ்தலங்கள் இருப்பது எங்கள் பகுதியின் விசேஷம். ஒற்றியூரை விட்டு நீங்கேன் என்று சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், தடவிக்கொண்டு வந்து நின்ற இடங்களில் ஒன்று திருமுல்லைவாயில். ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம், இன்றைய பூண்டி நீர்த்தேக்கத்தினருகில். ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும் கிடைத்தன. மாங்காட்டில் வெள்ளீசுவரர், வாமனரால் கண்ணிழந்த சுக்கிராசாரியார் பூசித்த மூர்த்தி. திருவேற்காட்டு அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. ஒரு பாட்டி, புரை எடுப்பதற்கு முன்னால் ஒரு ஜதை கண்மலரும் எடுத்த பிற்பாடு ஒரு ஜதையும் உண்டியலில் போட்டுவிட்டு, “முன்னது அவளுக்கு, பின்னது உங்க கைக்கு” என்றாள். கோவிலுக்குப் போகாதே என்று நான் யாரையும் தடுத்ததில்லை. திரும்பி வரும்போது இங்கே இறங்கிவிட்டுப் போ என்றுதான் சொல்வேன். திருமுல்லைவாயிலுக்கும் வெங்கடாபுரத்துக்கும் தூரம் அதிகமில்லை.

புரை மாங்காயைப் போல முற்றிப் பழுக்கவேண்டும், அப்போதுதான் எடுக்கலாம் என்ற நம்பிக்கை ஜனங்களிடம் வேரூன்றியிருந்தது. பழைய முறையில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது; சோடாப்புட்டியோடு அவதிப்படுவதைவிட, இருக்கிற மங்கலோடு இயன்றவரை காலம் தள்ளுவது மேல். இந்தக் கணக்கை மாற்றியது விழிக்குள் வைக்கும் வில்லை. யுத்த விமானங்களின் கூண்டு நொறுங்கி விமானிகளின் கண்ணில் புகுந்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் உள்ளே எவ்விதக் கெடுதலும் செய்யாமல் கிடப்பதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் முதல் வில்லையைப் பொருத்தினார். நம் தேசத்தில் அது வெகுகாலம் பணக்காரர்களின் சௌகரியமாகவே இருந்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயும் கத்தி பிடிப்பதை விடாத டாக்டர் ஜி. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1992-இல் அரோலேப் என்னும் சொந்தத் தொழிற்சாலையில் அந்த வில்லைகளைச் செய்யத் தொடங்கியதிலிருந்துதான், பள்ளிக்கூட பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நாங்கள் நடத்திய முகாம்களுக்கு வந்த கூலிக்காரர்களுக்கும் அது கிட்டிற்று. அதற்குமுன் அந்த முகாம்களில் எல்லோருக்கும் ஒரே பத்து எண் கண்ணாடியைத்தான் அள்ளிக் கொடுத்தோம். ஏற்கெனவே புரை எடுத்து, உள்ளே வில்லையில்லாத வெறும் கண்ணாக இருந்தவர்களில் தக்கவர்களுக்குப் பின்னர் வில்லை பொருத்தப்பட்டபோது, “இனிமே இது எதுக்கு சார், நீங்களே வெச்சிக்குங்க” என்று அவர்கள் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவைதான் அந்த பிஸ்கட் டின்னில் இருந்தவை.

விழித்திரை விலகிவிட்டால் அந்தக் கண் போனதுதான் என்றிருந்த நிலைமையும் என் காலத்திலேயே மாறிற்று. பாஸ்டனில் ஷெப்பன்ஸ் என்ற விழித்திரை நிபுணரிடம் பயின்று வந்த டாக்டர் பத்ரிநாத் 1978-இல் சங்கர நேத்ராலயாவை ஏற்படுத்திய பிறகு, அத்தகையவர்களை நுங்கம்பாக்கத்துக்கு நம்பிக்கையோடு அனுப்ப முடிந்தது. 2023-இல் அவர் காலமான செய்தியைப் படித்த அன்று, அங்கே அனுப்பிப் பார்வை திரும்பியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அரவிந்த் ஆஸ்பத்திரியும் 2017-இல் நூம்பலில், எங்கள் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலேயே வந்துவிட்டது. என் மனைவியின் தமக்கையாரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று மில்லிமீட்டருக்குட்பட்ட கீறல், தையல் இல்லை, மணல்மூட்டை இல்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு, “இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருஷமா பயந்துகிட்டிருந்தேன்?” என்று என்மேல் கோபித்துக்கொண்டார், பயப்படச் சொன்னவன் நானே என்பதைப்போல.

புரை இவ்வளவு சுலபமாகிவிட்ட இந்நாளில் பார்வையைப் பறிப்பவை ஓசையின்றி வரும் இரண்டு நோய்கள்: சர்க்கரை வியாதி விழித்திரையில் செய்யும் சேதமும், கண்ணழுத்த நோயும். இரண்டும் வலிப்பதில்லை, முற்றும் வரையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடப் படிக்கவிடும். கண்ணழுத்தத்தில் ஓரப் பார்வை முதலில் அரிக்கப்பட்டு, நடுப் பார்வை கடைசியில் போகும், போனது திரும்புவதில்லை. எலியட் துவாரம் போட்டதும், இன்று நாம் சொட்டு விடுவதும், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதற்கே. கண்ணில் ஒரு குறையும் தெரியாதவனை ஆயுள் முழுவதும் தினந்தோறும் மருந்து விட்டுக்கொள்ளச் செய்வதற்கு, கத்தி பிடிக்கும் கையைவிடப் பேசும் வாய்தான் உபயோகம்.

பல்லவன் பஸ் ஓட்டுநர் ஒருவர், பத்திரிகை படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று வந்தார். படுக்க வைத்து ஷியோட்ஸ் கருவியைக் கருவிழியில் நிறுத்தி அளந்தபோது, இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகமாக இருந்தது. பார்வை நரம்பின் குழியும் அகலத் தொடங்கியிருந்தது. மருந்தின் பெயரை எழுதினேன். “தெரியுதே சார். அப்புறம் எதுக்கு மருந்து?” என்றார். நரம்பையும் குழியையும் படம் வரைந்து விளக்கியதெல்லாம் வீண். வழக்கப்படி அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன்: “ரோட்டைப் பார்த்துக்கிட்டே ஓட்டும்போது, இடது பக்கம் படியில தொங்கற காலேஜ் பசங்க, குறுக்கே வர்ற சைக்கிள்காரன், இவங்கள்லாம் எப்படித் தெரியுறாங்க?” நேரே பார்த்துக்கொண்டிருந்தாலும் ஓரத்தில் தெரியும் என்றார். “முதல்ல போறது அதுதான், எதிர்ல வர்ற லாரி கடைசி வரைக்கும் நல்லாவே தெரியும்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சீட்டை வாங்கி, மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, எத்தனை வேளை என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் தவணை தவறியதே இல்லை. ஒரு முறை, வேண்டாவெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டிருந்த தம் நடத்துநரையும் கூட அழைத்து வந்தார். “எனக்கு ஒண்ணும் இல்ல சார், இவருதான் இழுத்துக்கினு வந்தாரு” என்றார் நடத்துநர். அளந்து பார்த்ததில் மெய்யாகவே ஒன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து காட்டுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இருவருக்கும் சேர்த்து ஓட்டுநரே பீஸை எடுத்து வைத்தார். அடுத்த மாதம் டிப்போவிலிருந்து இன்னும் நான்கு பேர், ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.